கேட்டில் கொடுத்த சாவி

நாரணாபுரம் பக்கம் நாங்கள் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியில், காலையில் உள்ளே போகிற எல்லோரும் கேட்டில் நின்று பையைத் திறந்து காட்ட வேண்டும். சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர் பாட்டில், மாற்றுத்துணி எல்லாம் வெளியே வரும். தீப்பெட்டி, பீடி, போன் இருந்தால் வாங்கி வைத்துவிடுவார்கள். இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. வண்டிச் சாவி, வீட்டுச் சாவி, முந்தானையில் குத்திய ஊக்கு வரைக்கும் கழற்றியாக வேண்டும். பெண்களைச் சோதிக்க ஒரு அக்கா உண்டு. ஆண்களைச் சோதிப்பவர் என் வீட்டுக்காரர். சாவிகளை மாட்டுகிற பலகை அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது.

பையைப் பார்ப்பதோடு அவர் ஆளையும் பார்ப்பார். ஒவ்வொருவரையும் பக்கத்தில் நிறுத்தி, "சாப்டாச்சா?" என்று கேட்பார். பதில் அவருக்குத் தேவையில்லை. வாய் திறந்தால் வாடை தெரிந்துவிடும். முந்தின நாள் குடித்தது மிச்சம் இருக்கிற ஆளை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். மருந்து கலக்கிறவருக்குக் கை நடுங்கக் கூடாது. நடுங்கினால் அந்த அறையோடு போகாது, பக்கத்து அறைகளும் சேர்ந்து போகும். இருபது வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால்தான் அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அவரை யார் வாய் திறக்க வைத்துப் பார்ப்பது என்று யாரும் யோசிக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவர் லீவில் வந்தால் வீட்டில் திருவிழா மாதிரி இருக்கும். கறுப்புத் தகரப் பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறப்பார். எனக்குச் சேலை, அவர் அம்மாவான அத்தைக்குக் கம்பளி, அதற்கெல்லாம் அடியில் லுங்கியில் சுற்றிய பாட்டில்கள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். "மருமகன் வந்திருக்காராமே, பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்பார்கள். பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனவர் ஒருவரும் இல்லை.

எங்கள் தெருவில் கடைக்குப் போய் வாங்கிக் குடிக்கிறவர்களுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். மிலிட்டரி பாட்டிலுக்கு அந்தக் கணக்கு இல்லை. அது பட்டாளத்துக்கென்றே சுத்தமாகச் செய்தது, உடம்புக்கு ஒன்றும் பண்ணாது என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். என் பிரசவத்துக்குப் பிறகு மிளகு தட்டிப் போட்டு ஒரு கரண்டி ரம் கொடுத்தார்கள். மகளுக்குச் சளி பிடித்தால் தேனில் சில சொட்டு விடுவோம். அத்தை மூட்டு வலிக்கு வெந்நீரில் கலந்து குடித்துவிட்டுத்தான் படுப்பார்கள். ஆனால் எங்களை யாராவது குடிக்கிற குடும்பம் என்று சொல்லியிருந்தால் அத்தை அவர்களைத் தெருவை விட்டே விரட்டியிருப்பார்கள்.

பென்ஷனில் வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. விடியுமுன் எழுந்துவிடுவார். போர்வையை முனை பிசகாமல் சதுரமாக மடித்து வைப்பார். நடந்துவிட்டு வருவார், ஷேவ் செய்வார், சட்டையைத் தேய்த்துப் போடுவார். காலைச் சாப்பாடு முடிந்ததும் அதற்கு மேல் அந்த நாளில் செய்ய ஒன்றும் இருக்காது. பட்டாளத்தில் சாயங்காலம் ஒருவர் அளந்து ஊற்றிக் கொடுப்பாராம், அதோடு சரி. வீட்டில் அளக்க ஆள் இல்லை. மாதம் ஒரு தடவை மதுரைக்குப் போய் மிலிட்டரி கேன்டீனில் அவருக்குரிய பாட்டில்களை வாங்கி வருவார். மாதம் பிறந்தால் போன் வர ஆரம்பித்துவிடும். கரண்டு ஆபீஸ்காரர் கேட்பார், வீட்டுத் தீர்வை வாங்குகிறவர் கேட்பார், பெரியப்பா மகன் கேட்பார். "ஒனக்கில்லாததா, வந்து வாங்கிக்க" என்று சொல்லும்போது அவர் முகம் நன்றாக இருக்கும். ஊரில் அவரைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் அதற்காகத்தான் வந்தார்கள். அவருக்கும் அது தெரியும்.

கொடுத்தது போக மீதி அவருக்கு. அது தீர்ந்தால் கடை. அடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் இறங்கி வந்து சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார். அதனால் அவரைக் குடிகாரர் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முன்னாலேயே விழித்திருப்போமோ என்னவோ.

கேட் வேலைக்குச் சேர்ந்த பிறகு குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. காலையில் பல் விளக்கி, ஏலக்காய் மென்று, சந்தன சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போவார். நான் பின்னாலேயே நடந்து போவேன். கேட்டில் அவர் மற்றவர்களை நிறுத்தி "சாப்டாச்சா" என்று கேட்கும்போது எனக்குத் தலை குனிந்துவிடும்.

தீபாவளி ஆர்டருக்கு வேலை உச்சத்தில் இருந்த சமயம் அது. ஒரு நாள் காலை நான் சரம் பின்னுகிற அறையில் இருந்தேன். இரண்டு அறை தள்ளி ஒரே சலசலப்பு. வெள்ளை மருந்து அடைக்கிற ஆள் ஒருவர் குனிந்தபோது இடுப்பிலிருந்து தீப்பெட்டி கீழே விழுந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் அதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். போர்மேன் மணி அடித்து எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னார். வெறும் காலோடு வெயிலில் நின்றோம். கால் சுட்டது, ஆனாலும் யாரும் நிழலுக்குப் போகவில்லை.

அந்த ஆளின் இடுப்பை அன்றைக்குத் தடவிப் பார்க்க வேண்டியவர் என் வீட்டுக்காரர். போர்மேன் நேராகக் கேட்டுக்குப் போய், அவர் முகத்துக்குக் கிட்டத்தில் நின்று, அவர் எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

"சாப்டாச்சாண்ணே?"

அவர் வாய் திறக்கவில்லை.

போர்மேன் எங்களைவிட வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். சத்தம் போடவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார், உடம்பைச் சரிபண்ணிக்கொண்டு வரச் சொன்னார், நாற்காலியை ஆள் போடாமல் வைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "அக்கா, இன்னொரு தடவ வாடை வந்துச்சுன்னா நான் பேச மாட்டேன். அண்ணனுக்காக இல்ல, உள்ள இருக்கிற அம்புட்டுப் பேருக்காகவும்தான்" என்றார். உள்ளே இருக்கிற அம்புட்டுப் பேரில் நானும் ஒருத்தி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் சில நாள் அவருக்குக் கை கால் உதறியது. மகளை என் அம்மா என்று நினைத்துப் பேசினார். கட்டிலின் ஓரத்தைத் துப்பாக்கி பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு கிடந்தார். தெளிந்த பிறகு, அங்கே பேசி ஆலோசனை சொல்கிற அம்மா ஒருவர் குடும்பத்தையும் உட்கார வைத்தார். வீட்டில் வேறு யார் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தபடி, யாரும் இல்லை என்றேன். அத்தை, "எனக்கு மூட்டுக்கு மட்டும்" என்றார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை, எழுதிக்கொள்ளவும் இல்லை. வீட்டில் யாருக்காகவும் பாட்டில் இருக்கக் கூடாது என்றார். இன்னொன்றும் சொன்னார். "சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் உள்ளத உள்ளபடி சொல்லிருங்க. தெரிஞ்சாத்தான் ஊத்தாம இருப்பாங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போதே அத்தை முடிவு பண்ணிவிட்டார்கள். கேட்டால் மஞ்சள் காமாலை என்று சொல்ல வேண்டும். அவரும் தலையாட்டினார். நான் பொதுவாகவே நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். சும்மா இருந்தேன்.

காமாலை என்றதும் தெருவே உதவிக்கு வந்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து தினம் ஒரு வீட்டிலிருந்து வந்தது. ஒன்றுமில்லாத காமாலைக்கு அவர் அதை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். மருந்து கொண்டுவந்த பக்கத்து வீட்டு மதினி அவர் கண் இமையை விலக்கிப் பார்த்து, மஞ்சள் இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் சிரித்தோம். அவர் சிரித்து நான் பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது. அந்தப் பொய் நல்லது என்றுதான் அப்போது பட்டது.

அவர் கேட்டுக்குத் திரும்பினார். மாதங்கள் போயின. கேன்டீன் பக்கம் போகவில்லை. மாடிக்கும் போகவில்லை. சாயங்காலம் வேலை விட்டதும் என்னோடு சேர்ந்தே நடந்து வருவார். வழியில் கடை வரும் இடத்தில் மட்டும் வேகமாக நடப்பார். நானும் வேகமாக நடப்பேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

காமாலைக்கு ஒரு தவணை உண்டு என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. ஆறு மாதம் எண்ணெய் ஆகாது, கறி ஆகாது, குடி ஆகாது. அதற்குப் பிறகு எல்லாம் ஆகும். இது ஊரறிந்த விஷயம்.

அவருடைய தங்கச்சி வந்தது அந்தத் தவணை முடிந்த பிறகு. அவள் மகளுக்கு மொட்டையெடுத்துக் காது குத்தப்போகிறார்கள். ஆனைக்குட்டம் அணைக்கட்டுப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை விசேஷம், கிடாவெட்டு. பிள்ளையை மடியில் வைக்க வேண்டியவர் தாய்மாமன், அதாவது இவர். சேலை, தோடு, பழத்தட்டு எல்லாம் பேசி முடித்துவிட்டு, எழுந்திருக்கும்போது அவள் சொன்னாள்.

"அண்ணே, எங்க மாமனார் வீட்டு ஆளுக எல்லாம் ஒன்னையத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்காக. பட்டாளத்து மச்சான் வர்றாருன்னா சும்மாவான்னு இப்பமே பேச்சு. எனக்காக இந்த ஒரு தடவ."

அவர் என்னைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். தங்கச்சிக்கும் காமாலை என்றுதான் சொல்லியிருந்தோம். இல்லை என்று சொல்ல அவரிடம் ஒரு காரணமும் இல்லை.

"கொண்டாறேன்" என்றார்.

அவள் போனதும் என்னிடம், நான் தொட மாட்டேன், அவர்களுக்குத்தான், கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்றார். அத்தை, முறை செய்கிற இடத்தில் குறை வைக்கக் கூடாது என்றார்கள். ஆஸ்பத்திரி அம்மா சொன்னதை நான் மெதுவாக நினைவுபடுத்தினேன். "அந்தம்மாவுக்கு நாத்தனா இருக்கா?" என்று கேட்டார்கள் அத்தை.

வெள்ளிக்கிழமை அவர் மதுரைக்குப் போய் வந்தார். பையைக் கீழே வைத்தபோது வந்த சத்தத்தை அடுப்படியில் இருந்தே கண்டுபிடித்துவிட்டேன். லுங்கி சுற்றியிருந்தாலும் கண்ணாடியோடு கண்ணாடி உரசுகிற சத்தம் எனக்குத் தெரியும். அவரே பாட்டில்களை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அவசர அவசரமாகப் பழைய சேலைத் துண்டுகளில் சுருட்டித் தகரப் பெட்டியில் போட்டேன். அவர் பெட்டியைப் பூட்டிச் சாவியை நீட்டினார்.

"இந்தா, நீயே வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத."

வாங்கித் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டேன். அரிசித் தூக்கில் போடலாம் என்றால் அத்தை துழாவிவிடுவார்கள். அவர்களுக்கு ரம் நின்றதிலிருந்து முட்டி வலி கூடியிருந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனோம். பெண்கள் வரிசையில் நின்றேன். சோதிக்கிற அக்கா என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது புதுசா?" என்றார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பெட்டிச் சாவி என்றேன். "இரும்பு. கழட்டு" என்றார். எத்தனையோ வருடமாக அந்தக் கேட்டில் நுழைகிறவள் நான். மற்றவர்கள் மறந்தால் நானே சொல்லிக் கழற்ற வைப்பேன்.

திரும்பி வீட்டுக்குப் போகலாமா என்று பார்த்தேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது. லோடு ஏற்றுகிற நாள் வேறு. அக்காவே என் கழுத்திலிருந்து சாவியை எடுத்து, அந்தப் பக்கம் கையை நீட்டி, "சார், இதையும் மாட்டுங்க" என்று அவரிடம் கொடுத்துவிட்டார்.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என்னென்னவோ சொல்ல வேண்டும்போல இருந்தது. பின்னால் நின்ற பெண், "நகருங்க மதினி" என்றாள். அவர் திரும்பிப் பலகையில் கடைசி ஆணியில் சாவியை மாட்டினார்.

அன்றைக்கு முழுக்க எனக்குச் சரம் பின்ன வரவில்லை. திரி தவறித் தவறிப் பிரித்துப் போட்டேன். வாசலில் பதித்திருக்கும் தாமிரத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் நுழைய வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காக அது. தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது தொடாமலே உள்ளே கால் வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து, "எங்க இருக்கீக மதினி?" என்று கோபப்பட்டாள். எங்கே இருந்தேன் என்றால், அந்தப் பலகையில் கடைசி ஆணியில் இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் மட்டும் கம்பெனி வண்டியில் வீட்டுக்குப் போய் வருவார். அந்த நேரத்தில் அத்தை முன்னறையில் தூங்குவார்கள். சாவி, பெட்டி, ஆள் இல்லாத அறை. நானே எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் கேட்டுக்கு வந்தேன். சாவி அதே ஆணியில் தொங்கியது. எடுத்துக் கொடுத்தார். வாடை இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

"சாப்டீகளா?" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து, "சாப்பிட்டேன்" என்றார். ஒரு வாடையும் இல்லை. வெற்றிலையின் வாசம் மட்டும்.

வீட்டுக்கு வந்து அவர் குளிக்கப் போனதும் பெட்டியைத் திறந்தேன். ஒரு மூடியும் உடையவில்லை. மனசு லேசானது. மூடப்போகும்போதுதான் கவனித்தேன். நான் சுருட்டிப் போட்ட சேலைத் துண்டுகள் அப்படி இல்லை. ஒவ்வொரு பாட்டிலும் இறுக்கமாகச் சுற்றி, முனை உள்ளே செருகி, வரிசையாகப் படுக்க வைத்திருந்தது. போர்வை மடிக்கிற அதே மடிப்பு.

மத்தியானம் அவர் பெட்டியைத் திறந்திருக்கிறார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்திருக்கிறார். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சுற்றி வைத்திருக்கிறார்.

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் எதுவோ உடைந்துவிடும் என்று பயம். அத்தையிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அடுத்த நாள் அந்தக் கூட்டத்தில் ஒருவர் அவர் கையில் கிளாஸைக் கொடுத்தால், அதைச் சுற்றி மடித்து வைக்க அவரால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பந்தல், அண்டாக்கள், மைக் செட். பாட்டில் பையைத் தங்கச்சி வீட்டுக்காரர் வாசலிலேயே வாங்கிக்கொண்டு, லோடு வேன் நின்ற பக்கம் போனார். வேனுக்குப் பின்னால் கருவேல நிழலில் ஆண்கள் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். பெண்கள் அந்தப் பக்கம் போகிற வழக்கமில்லை. நான் வெங்காயம் உரிக்கிற இடத்தில், வேன் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக் கொண்டுவந்தார்கள். ஆசாரி ஊசியும் தோடுமாகத் தயாராக உட்கார்ந்திருந்தார். தாய்மாமனைக் கூப்பிடுங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். அவரைக் காணவில்லை. இன்னொரு தடவை சொன்னார்கள். தங்கச்சி என்னைப் பார்த்து, "மதினி, அண்ணன் எங்க?" என்றாள். எனக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. வெங்காயக் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

வேனுக்குப் பின்னால் போனபோது தங்கச்சியின் மாமனார் அவர் தோளில் கை போட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். பெரிய மனிதர், எங்கள் எல்லோருக்கும் மரியாதைக்குரியவர். மாமனார் கையில் கிளாஸ் நிரம்பியிருந்தது.

"காமாலை வந்து எம்புட்டு மாசமாச்சு மாப்ள? அதெல்லாம் போயே போச்சு. தாய்மாமன் கை நனைக்காம எங்க வீட்டு ஆளுக எவனும் தொட மாட்டான்" என்றார்.

பக்கத்தில் இருந்த ஒருவர், "பார்டர்ல குண்டுக்குப் பயப்படாதவரு, கிளாஸுக்குப் பயப்படுறாரு பாருலே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கிளாஸை வாங்கினார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அத்தனை ஆண்கள் முன்னால் நான் பேசியதே இல்லை. என் கல்யாணத்தில்கூடப் பேர் கேட்டதற்கு என் அம்மாதான் பதில் சொன்னாள்.

"மாமா, அவருக்கு வந்தது காமாலை இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "காமாலை இல்ல மாமா. குடி. ஆஸ்பத்திரில கிடந்துதான் நிப்பாட்டியிருக்கு. இத ஒண்ணு குடிச்சாருன்னா திரும்ப அங்கனதான் போகணும். ஊத்தாதீக."

சிரிப்பு நின்றது. மைக்கில் மூன்றாவது தடவையாகத் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் வாய்க்குக் கொண்டுபோய்விடுவார் என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. என் மேல் உள்ள கோபத்துக்காகவே குடித்துவிடுவார் என்று தோன்றியது.

கிளாஸை வாங்கிக்கொண்டது மாமாதான். என் வீட்டுக்காரர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி எடுத்தார். மாமாவின் முகம் சிறுத்துப்போயிருந்தது.

"சொல்லியிருந்தா நான் ஊத்திருப்பேனா மாப்ள? காமாலைன்னா நான் என்னத்தக் கண்டேன்?" என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். என்னைத் தாண்டி, என்னைப் பார்க்காமல் பந்தலுக்கு நடந்தார்.

பிள்ளையை அவர் மடியில் வைத்தார்கள். தலையைப் பிடிக்க வேண்டும், அவர் கை நடுங்கியது. ஆசாரி ஊசியை நிறுத்திவிட்டு, "மாமாக்காரரே, அசையாமப் பிடிங்க" என்றார். அவர் பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, தன் தாடையை அதன் மொட்டைத் தலையில் வைத்துப் பிடித்தார். கை நின்றது. பிள்ளை வீறிட்டு அழுதது. சந்தனம் அவர் கன்னமெல்லாம் அப்பியிருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் நன்றாக நடக்கவில்லை. தங்கச்சி என்னைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு, "என் வீட்டுல எம் மானத்த வாங்கிட்டீகளே மதினி, எங்கிட்டத் தனியாச் சொல்ல வாய் இல்லையா?" என்று அழுதாள். அவள் கேட்டது சரிதான். சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். அவர் முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வீடு வந்ததும் அத்தை தன் துணி மூட்டைக்குள்ளிருந்து ஒரு இருமல் மருந்து பாட்டிலை எடுத்து வந்தார்கள். அதில் பாதிக்கு ரம் இருந்தது. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கொல்லைக்குப் போய் முருங்கை மரத்தடியில் ஊற்றினார்கள்.

"மரத்துக்காவது முட்டிவலி போகட்டும்" என்றார்கள்.

நானோ அவரோ சிரிக்கவில்லை.

அவர் என்னோடு பேசவில்லை. காலையில் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். கேட்டில் எல்லோரிடமும் "சாப்டாச்சா" என்று கேட்டார். சிலர் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும்போது லேசாகச் சிரித்தார்கள். ஆனைக்குட்டம் செய்தி நாரணாபுரம் வர எவ்வளவு நேரமாகும். போர்மேன் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது.

மாதம் பிறந்தது. போன் வரவில்லை. கரண்டு ஆபீஸ்காரரும் கூப்பிடவில்லை, பெரியப்பா மகனும் கூப்பிடவில்லை. ஒரு சாயங்காலம் அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். பிறகு, யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான்."

காது குத்துக்குப் பிறகு வீட்டுக்குள் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவரிடமிருந்து நான் எதைப் பறித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் லீவு நாளில், மதுரைக்குப் போய் வருகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கேன்டீன் கார்டு வைக்கிற சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார். அன்றைக்கு நான் துவைத்த துணியையே இரண்டாம் தடவையும் துவைத்தேன். அத்தை முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தார்கள். போன் பண்ணலாமா என்று ஒரு தடவை கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.

வெயில் இறங்குகிற நேரத்தில் வந்தார். பையைக் கூடத்தில் வைத்தார். உள்ளே கண்ணாடி இடித்தது.

நான் அடுப்படி வாசலில் நின்றேன். கை ஈரம். அத்தை எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். கேட்டில் பை வைத்திருக்கிற எவரும் செய்கிற மாதிரி, ஜிப்பை முழுதும் இழுத்து, பையின் வாயை இரண்டு கையாலும் அகலத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

குனிந்து பார்த்தேன். சோப்பு, டீத்தூள், அத்தைக்கு வலித் தைலம். அடியில், காது குத்தின பிள்ளைக்கு இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டில்.

"பாத்தாச்சா?" என்றார்.

"ம்."

"அப்ப உள்ள போகலாமா?"

வழியை விட்டு விலகி நின்றேன்.